யூத வெறுப்பின் வேரைப் பார்க்க மூன்று ஊர்கள்: எப்படிப் போவது, எதைக் கேட்பது

பேத்திக்கு 13 வயது. லீட்ஸ் நகரில் படிக்கிறாள். ஒரு நாள் பள்ளியில் நாஜிகளின் யூதப் படுகொலையைப் பற்றிய பாடம் நடந்திருக்கிறது. மாலையில் தோசையைப் பிய்த்துக்கொண்டே கேட்டாள்: “தாத்தா, ஒன்றுமே செய்யாதவர்களையா இத்தனை பேர் இத்தனை காலம் வெறுத்திருப்பார்கள்? அவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள்தானே?”

நான் 34 ஆண்டுகள் வங்கியில் வேலை பார்த்தவன். பயிர்க்கடன், நகைக்கடன், கடைசிப் பத்தாண்டுகள் வராக்கடன் வசூல். தெரிந்த தொழிலிலிருந்துதானே பதில் வரும்? “அவர்கள் வட்டிக்குக் கொடுத்தார்கள் அம்மா. கொடுத்தவனை வாங்கியவனுக்குப் பிடிக்காது. தமிழில் பார், கடன்காரன் என்ற ஒரே சொல் வாங்கியவனுக்கும் வரும், வாசலில் வந்து நிற்பவனுக்கும் வரும், இரண்டுமே திட்டுதான்” என்றேன். அவள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டாள். எனக்குத்தான் அன்று தூக்கம் வரவில்லை. ‘ஏதாவது செய்திருப்பார்கள்தானே’ என்று குழந்தை கேட்டதற்கு, ‘ஆமாம், செய்தார்கள்’ என்றல்லவா பதில் சொல்லியிருக்கிறேன்!

அந்தப் பதிலைத் திருத்திச் சொல்ல நார்விச், யார்க், லிங்கன் என்று மூன்று ஊர்களுக்குப் போக வேண்டியிருந்தது. இங்கிலாந்துக்குப் பிள்ளைகளைப் பார்க்க வந்து, அரண்மனையையும் பாலத்தையும் பார்த்து முடித்து, மூன்றாவது வாரம் ஜன்னலோரம் உட்கார்ந்து மழையை எண்ணிக்கொண்டிருக்கும் என் வயதுக்காரர்கள் யாராவது இந்தக் கேள்வியில் மாட்டிக்கொண்டால் உதவட்டும் என்று எழுதுகிறேன்.

ஐரோப்பாவில் இதைவிடப் பழைய இடங்கள் உண்டு. ஜெர்மனியில் ரைன் நதிக்கரையில் ஸ்பையர், வோர்ம்ஸ், மைன்ஸ் ஆகிய ஊர்கள் இருக்கின்றன. ஆனாலும் முதன்முதலில் பார்க்கிறவர்களுக்கு இங்கிலாந்துதான் வசதி. யூதர்கள் இங்கே குடியேறியது 1066க்குப் பிறகு, பிரான்ஸின் ரூவான் நகரிலிருந்து, நார்மன் அரசன் வில்லியமின் பின்னால். துரத்தப்பட்டது 1290இல். கணக்கு தொடங்கிய காலமும் முடித்த நாளும் தெரிந்த ஒரு பேரேடு போல, நடுவில் இருப்பதைப் புரட்டிப் பார்க்கலாம். அரசு அலுவலகங்கள் காகிதத்தை, அதாவது தோல் சுருள்களை, எறியாமல் வைத்திருக்கிறார்கள். அதற்காக அவர்களைப் பாராட்டத்தான் வேண்டும்.

முதலில் வீட்டில் ஒரு மாலை

டிக்கெட் எடுக்குமுன் ஒரு மாலை வேளையை ஒதுக்குங்கள். தமிழ் பைபிள் ஒன்று வேண்டும். பக்கத்து வீட்டில் இருக்கும். மத்தேயு 27ஆம் அதிகாரம், 25ஆம் வசனம். ரோமானிய ஆளுநர் பிலாத்து கையைக் கழுவிவிட்டு, ‘இந்தப் பழி என்னைச் சேராது’ என்கிறார். கூடி நின்ற ஜனங்கள், “இவனுடைய இரத்தப்பழி எங்கள்மேலும் எங்கள் பிள்ளைகள்மேலும் இருப்பதாக” என்று சொல்கிறார்கள்.

இயேசுவும் யூதர், அவர் தாயும் யூதர், சீடர்களும் யூதர்கள், கூட்டத்தில் நின்றவர்களும் யூதர்கள். தீர்ப்புச் சொன்னவர் ரோமானியர். சிலுவை ரோமானியத் தண்டனை. ஆனால் பின்னால் வந்தவர்கள் ‘எங்கள் பிள்ளைகள்மேலும்’ என்பதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். யாரோ சிலர் போட்டதாகச் சொல்லப்படும் கையெழுத்துக்கு, பிறக்காத வம்சம் முழுவதையும் ஜாமீன்தாரராக்கிய பத்திரம் அது. எந்தச் சட்டத்திலும் செல்லாது. ஐரோப்பாவில் ஆயிரத்தைந்நூறு ஆண்டுகள் செல்லுபடியானது.

அடுத்து 386, 387ஆம் ஆண்டுகளில் அந்தியோக்கியா நகரில் யோவான் கிறிசோஸ்தோம் என்ற பாதிரியார் செய்த பிரசங்கங்கள். யூதர்களை அவர் திட்டியிருக்கும் திட்டை இங்கே எழுத மாட்டேன். ஏன் அத்தனை கோபம் என்பதை மட்டும் கவனியுங்கள்: அவருடைய சபைக் கிறிஸ்தவர்களே யூதப் பண்டிகைகளுக்குப் போய்க்கொண்டிருந்தார்கள். ஸ்பெயினில் எல்விரா என்ற இடத்தில் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கூடிய சபை, கிறிஸ்தவர்கள் யூதர்களோடு உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று தடை போட்டது. வங்கியில் ‘கவுண்டரில் ஊழியர்கள் தேநீர் அருந்தக் கூடாது’ என்று சுற்றறிக்கை வந்தால் என்ன பொருள்? எல்லோரும் அருந்திக்கொண்டிருக்கிறார்கள் என்று பொருள். பக்கத்து வீட்டுக்காரர்கள் கூடித்தான் சாப்பிட்டிருக்கிறார்கள். வெறுப்பு தானாக முளைக்கவில்லை. மேலிருந்து தண்ணீர் ஊற்றி வளர்த்திருக்கிறார்கள்.

வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த அகஸ்டின் வேறு வழி சொன்னார். அவர்களைக் கொல்லாதீர்கள், சிதறி வாழட்டும், நம்முடைய வேதத்தின் பழமைக்கு அவர்களே சாட்சி என்றார். உயிரோடு இருக்கலாம், தலை நிமிரக் கூடாது. அந்த ஏற்பாடு பல நூற்றாண்டுகள் ஓடியது. 1096இல் முதல் சிலுவைப்போருக்குக் கிளம்பிய கும்பல்கள், ‘கிறிஸ்துவின் எதிரிகளைத் தேடி ஜெருசலேம்வரை போவானேன், இங்கேயே இருக்கிறார்களே’ என்று ரைன் நதிக்கரையில் இறங்கின. ஸ்பையர் ஆயர் பெரும்பாலோரைக் காப்பாற்றிவிட்டார். வோர்ம்ஸிலும் மைன்ஸிலும் நூற்றுக்கணக்கானவர்கள் செத்தார்கள். இதைத் தெரிந்துகொண்டு கிளம்பினால் போதும்.

ஒரு நோட்டுப் புத்தகம் எடுத்துப் பக்கத்துக்கு நான்கு கட்டம் போடுங்கள். குற்றச்சாட்டைச் சொன்னது யார்? சம்பவம் நடந்து எத்தனை காலம் கழித்துச் சொன்னார்? விசாரித்தவர் உண்டா, அவர் கண்டது என்ன? இதனால் யாருக்கு என்ன கிடைத்தது? கடன் மனுவைப் பரிசீலிக்க நான் பழகிய முறைதான். நான்காவது கட்டத்தை மட்டும் காலியாக விட்டு ஊர் திரும்பாதீர்கள்.

நார்விச், 1144

ஊர்களை வரைபடத்தைப் பார்த்து வரிசைப்படுத்தாதீர்கள். ஆண்டைப் பார்த்து வரிசைப்படுத்துங்கள். ரயில் செலவு கூடும், பரவாயில்லை. முதலில் நார்விச்.

1144 மார்ச் மாதம், தோல் பதனிடுபவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்த வில்லியம் என்ற 12 வயதுச் சிறுவனின் உடல் ஊருக்கு வெளியே காட்டில் கிடந்தது. யார் கொன்றார்கள் என்று இன்றுவரை தெரியாது. பையனின் சித்தப்பா முறை உறவினர் ஒரு பாதிரியார். அவர் சபையில் எழுந்து யூதர்கள்மேல் பழி போட்டார். ஊரில் அரசரின் அதிகாரியான ஷெரிஃப் அதை ஏற்கவில்லை. யூதர்களைக் கோட்டைக்குள் அழைத்து வைத்துக் காப்பாற்றினார். விஷயம் அடங்கிப்போயிற்று.

பிறகு எப்படிக் கிளம்பியது? இங்கேதான் நோட்டுப் புத்தகத்தைத் திறக்க வேண்டும். சில ஆண்டுகள் கழித்து சைமன் என்ற வீரப் பிரபு ஒருவன் ஒரு யூதரிடம் கடன்பட்டிருந்தான். அந்த யூதர் கொலையானார். பிரபுவின் ஆட்கள்மேல் குற்றச்சாட்டு. வழக்கு அரசர் ஸ்டீஃபன் முன்னால் வந்தது. பிரபுவுக்காகப் பேச நின்றவர் நார்விச் ஆயர். அவர் எடுத்த வாதம்: இவன்மேல் வழக்கு நடத்துமுன், முன்பு எங்கள் பையனைக் கொன்ற யூதர்களை விசாரியுங்கள்! வழக்கு ஒத்திவைக்கப்பட்டது, அதோடு சரி. வாய்தா வாங்கியே வழக்கைக் கொல்லும் கலை அன்றே இருந்திருக்கிறது.

1150 வாக்கில் மான்மத்தைச் சேர்ந்த தாமஸ் என்ற துறவி இந்த ஊர் மடத்துக்கு வருகிறார். பையன் செத்தபோது அவர் இங்கே இல்லை. ஆனால் அவர்தான் உட்கார்ந்து முழுக் கதையை எழுதுகிறார். யூதர்கள் இயேசுவைப் பரிகசிக்கப் பையனைச் சிலுவையில் அறைவது போலக் கொன்றார்களாம். ஆண்டுதோறும் எந்த ஊரில் கொலை நடக்க வேண்டும் என்று பிரான்ஸில் நார்போன் நகரத்தில் சீட்டுக் குலுக்கிப் போடுவார்களாம். சாட்சி? கனவுகள், தரிசனங்கள், மதம் மாறிய ஒருவர் சொன்னதாக ஒரு தகவல். இதற்கிடையே பையனின் உடல் மடத்துக் கல்லறையிலிருந்து படிப்படியாகப் பேராலயத்துக்குள் இடம் மாறுகிறது. புதிய பேராலயம், சொந்தமாக ஒரு புனிதர் இல்லாத பேராலயம். புனிதர் கிடைத்தால் யாத்திரிகர் வருவார்கள்; யாத்திரிகர் வந்தால் காணிக்கை.

நான்கு கட்டமும் நிரம்பிவிட்டது பாருங்கள். நான் அந்தப் பேராலயத்தில் ஒரு தூணில் சாய்ந்து உட்கார்ந்து எழுதினேன். ஐரோப்பாவில் ‘யூதர்கள் கிறிஸ்தவப் பிள்ளைகளைக் கொல்வார்கள்’ என்ற கதைக்கு நமக்குக் கிடைக்கும் முதல் முழு எழுத்து வடிவம் தாமஸுடையதுதான். இரத்தத்தை எடுப்பார்கள் என்ற சேர்மானம் அதில் இல்லை. அது 1235இல் ஜெர்மனியின் ஃபுல்டாவில் சேர்ந்தது. பேரரசர் இரண்டாம் ஃபிரெடரிக் அறிஞர்களைக் கூட்டி விசாரித்து அது பொய் என்று அறிவித்தார். 1247இல் போப் நான்காம் இன்னொசென்ட் பொய் என்று எழுதினார். மூன்றாவது கட்டத்தில் திரும்பத் திரும்ப ‘விசாரித்தார்கள், பொய்’ என்றே எழுத வேண்டி வரும். பொய் என்று தீர்ப்பான பிறகும் ஓடிக்கொண்டே இருந்த வழக்கு இது.

நடுவில் கைபேசியில் பார்க்க ஒரு படம்

ரயிலில் திரும்பும்போது இதைப் பாருங்கள். பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் 1233ஆம் ஆண்டின் கருவூலச் சுருள் ஒன்று இருக்கிறது. யூதர்களிடமிருந்து அரசருக்கு வந்த பணத்தை வரவு வைத்த கணக்கு. அதன் தலைப்பில், கணக்கெழுதிய குமாஸ்தா ஒரு கேலிச்சித்திரம் போட்டிருக்கிறான்.

நடுவில் நார்விச்சின் பெரும்பணக்காரர் ஐசக், தலையில் கிரீடம், மூன்று திசையைப் பார்க்கும் மூன்று முகம். கீழே மோஸே மோக்கே என்ற ஆண், அவெகாயே என்ற பெண். இருவருக்கும் நடுவில் கொம்பு வைத்த பிசாசு நின்று, இரு கை விரல்களாலும் இருவருடைய மூக்கையும் சுட்டிக்காட்டுகிறது. மூக்கு வளைந்து நீண்டிருக்கிறது. ஓரத்தில் ஒருவன் காசு நிறைந்த தராசைப் பிடித்திருக்கிறான்.

நானும் பேரேட்டு ஓரத்தில் படம் போட்டவன்தான். மார்ச் மாத இறுதியில் கணக்கு முடிக்கும் இரவுகளில் மேலாளரின் மீசையை வரைந்திருக்கிறேன். அதனால்தான் இந்தப் படம் என்னைப் பயமுறுத்தியது. இவன் மதப் பிரசங்கி இல்லை, கொலைகாரன் இல்லை. அலுப்பில் பேனாவை ஓட்டியிருக்கிறான். அலுப்பில் கை தானாக எதை வரைகிறதோ அதுதான் ஊரில் ஏற்கெனவே பழக்கமாகிவிட்ட பேச்சு. அதற்கு முன் ஐரோப்பியப் படங்களில் யூதரை அடையாளம் காட்டப் பெரும்பாலும் ஒரு கூம்புத் தொப்பி போதும், கழற்றி வைக்கலாம். மூக்கைக் கழற்ற முடியுமா?

இன்னொன்று. அந்தச் சுருளில் பணம் எந்தப் பக்கம் போகிறது என்று பாருங்கள். யூதரிடமிருந்து அரசருக்கு. படம் போட்டவனின் சம்பளமும் அந்த வரவிலிருந்துதான்.

யார்க், 1190

இங்கே நான் செய்த தவற்றை முதலில் சொல்லிவிடுகிறேன். கிளிஃபர்ட் கோபுரத்தின் படிகளில் மூச்சு வாங்க ஏறி (ஐம்பதுக்கு மேல் படிகள், பிடிமானக் கம்பி உண்டு, காற்றுக்குத் தொப்பி நிற்காது), கல் சுவரைத் தொட்டுக் காட்டி, “இந்தச் சுவர்தான் அதைப் பார்த்தது” என்று பேத்தியிடம் உணர்ச்சியோடு சொன்னேன். அவள் தகவல் பலகையைப் படித்துவிட்டு, “தாத்தா, அன்று இருந்தது மரக் கோபுரம், எரிந்துவிட்டது. இந்தக் கல் கோபுரம் அரை நூற்றாண்டு கழித்துக் கட்டியது” என்றாள். சாட்சியாக இருப்பது மண்மேடு மட்டும். ஆகவே, எந்தக் கல்லைத் தொடுமுன்பும் அது எந்த ஆண்டுக் கல் என்று கேளுங்கள். லிங்கனில் இந்தப் பழக்கம் உதவும்.

1189 செப்டம்பர் 3 அன்று முதலாம் ரிச்சர்டின் முடிசூட்டு விழா. பரிசுப் பொருளோடு வந்த யூதப் பிரதிநிதிகளை வாசலிலேயே அடித்தார்கள். அரசரே யூதர்களைக் கொல்லச் சொல்லிவிட்டார் என்று வதந்தி, லண்டனில் கலவரம். யார்க் நகர பெனடிக்ட் என்பவருக்குக் கட்டாய ஞானஸ்நானம் கொடுத்தார்கள்; அவர் மறுநாள் அரசரிடம் ‘நான் யூதன்தான்’ என்று சொன்னார்; ஊர் திரும்பும் வழியில் காயத்தால் இறந்தார். அரசர் சிலுவைப்போருக்குக் கப்பலேறியதும் கிழக்குக் கரை ஊர்களில் தீ பரவியது. பிப்ரவரியில் நார்விச், மார்ச்சில் ஸ்டாம்ஃபர்ட், பிறகு யார்க்.

யார்க்கில் முதலில் எரிந்தது இறந்துபோன பெனடிக்டின் வீடு. அவருடைய மனைவியும் பிள்ளைகளும் கொல்லப்பட்டார்கள். மற்றவர்கள் ஜோஸ் என்பவரின் தலைமையில் அரசருடைய கோட்டைக்குள் ஓடினார்கள். அவர்கள் அரசரின் உடைமை என்பதால் அரசரின் கோட்டையில் அடைக்கலம். 1190 மார்ச் 16, பாஸ்கா பண்டிகைக்கு முந்தைய ஓய்வுநாள். சுற்றி வளைத்த கூட்டத்திடம் சிக்குவதைவிடத் தாங்களே சாவது என்று பெரும்பாலோர் முடிவெடுத்தார்கள். குடும்பத் தலைவர்கள் தங்கள் மனைவி மக்களைக் கொன்று தாங்களும் மாண்டார்கள். ஏறத்தாழ 150 பேர். மதம் மாறிவிடுகிறோம் என்று காலையில் இறங்கி வந்த சிலரை, உயிருக்கு உத்தரவாதம் கொடுத்து வெளியே வரவழைத்துக் கொன்றார்கள்.

இப்போது மேட்டிலிருந்து இறங்கிப் பேராலயத்துக்கு நடங்கள். கால் மணி நேரம். நடந்தே போங்கள், ஏனென்றால் அன்று கொலை முடிந்த கையோடு கூட்டமும் அந்தப் பக்கம்தான் போனது. யூதர்களிடம் வாங்கிய கடனுக்கான பத்திரங்கள் பாதுகாப்புக்காகப் பேராலயத்தில் வைக்கப்பட்டிருந்தன. அவற்றை எடுத்துக் கோயிலுக்குள்ளேயே குவித்துக் கொளுத்தினார்கள். அந்தக் காலத்து வரலாற்றாசிரியர், நியூபர்க் ஊர்த் துறவி வில்லியம், இதைத் தெளிவாகவே எழுதிவைத்திருக்கிறார். கூட்டத் தலைவர்களில் ஒருவனான ரிச்சர்ட் மாலெபிஸ் கடனாளி. அவனுடைய பெயரையே வைத்து ‘கெட்ட மிருகம்’ என்று லத்தீனில் சிலேடை செய்கிறார்.

பேராலயத்தின் நடுக்கூடத்தில் நின்றபோது என்னையறியாமல் வங்கிக்காரன் புத்தி வேலை செய்தது. பத்திரம் எரிந்தால் வழக்குப் போட முடியாது. வெறும் வெறியாக இருந்தால் கோபுரத்தோடு நின்றிருக்கும். வெறியேறிய கூட்டத்துக்குப் பத்திரம் எங்கே இருக்கிறது என்று யார் சொன்னது?

கொலைக்காக யாரையும் தூக்கிலிடவில்லை. சிலர் ஓடிவிட்டார்கள், நகரத்தாருக்கு அபராதம். ஆனால் 1194இல் அரசாங்கம் ஒரு நடைமுறை கொண்டுவந்தது. இனி யூதர் கொடுக்கும் ஒவ்வொரு கடனுக்கும் பத்திரம் இரண்டு படிகளாக. ஒன்று கடன் கொடுத்தவரிடம், மற்றது குறிப்பிட்ட ஊர்களில் வைத்த பெட்டகத்தில். பெட்டகத்துக்கு மூன்று பூட்டு. சாவி ஒன்று யூதர்களிடம், ஒன்று கிறிஸ்தவர்களிடம், ஒன்று அரச குமாஸ்தாக்களிடம். எங்கள் வங்கியில் பெட்டகத்தை இரண்டு அதிகாரிகள் இரண்டு சாவி போட்டுத்தான் திறப்போம். அவர்கள் ஒரு சாவி கூடுதலாகவே வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நேர்த்தியான ஏற்பாடு! 150 பேர் செத்ததிலிருந்து அரசாங்கம் கற்றுக்கொண்டது பத்திரத்தைக் காப்பாற்றும் வழியை.

மார்ச் மாதம் போனால் மேடு முழுவதும் மஞ்சள் டாஃபடில் பூத்திருக்கும். ஆறு இதழ், யூதர்களின் அடையாளமான தாவீதின் நட்சத்திரத்துக்கு ஆறு முனை என்று நினைவாக நட்டது.

சரி, கடன்தான் காரணமா?

நான் பேத்திக்குச் சொன்ன பதில் சரி என்று யார்க்கில் ஒரு கணம் தோன்றத்தான் செய்தது. உங்களுக்கும் தோன்றும். அங்கேயே நிற்காதீர்கள்.

வட்டி கடுமைதான். பவுனுக்கு வாரம் இரண்டு பென்னி என்பது பிற்பாடு சட்டம் அனுமதித்த அளவு. அன்று பவுனுக்கு 240 பென்னி. கணக்குப் போட்டால் ஆண்டுக்கு 43 சதவீதத்துக்கு மேல். ஆனால் அந்தப் பணம் எங்கே போனது? அரசர் நினைத்தபோதெல்லாம் யூதர்கள்மேல் தனி வரி போடலாம். லிங்கன் நகர ஆரோன், இங்கிலாந்தின் பெரும் பணக்காரர்களில் ஒருவர், 1186இல் இறந்தபோது அரசர் அவருடைய சொத்து முழுவதையும் எடுத்துக்கொண்டார். வசூலாக வேண்டிய கடன் மட்டும் சுமார் 15,000 பவுன். அதை வசூலிக்கத் தனி அலுவலகமே திறந்தார்கள். ஆரோன் கடன் கொடுத்து பேராலயங்களும் மடங்களும் கட்டினார்கள். ஆரோன் செத்ததும் மடங்கள் அரசருக்குக் கடனாளி. ஊர்க்காரர்கள் கண்ணுக்குத் தெரிந்தது வாசலில் நின்ற யூதர். பின்னால் நின்ற அரசர்மேல் கல்லெறிய முடியாது.

கடன் கொடுத்தவர்கள் யூதர்கள் மட்டும்தானா என்றால், அதுவும் இல்லை. பிரான்ஸின் காஹோர் ஊர் வணிகர்கள் கொடுத்தார்கள். இத்தாலியின் லுக்கா நகரத்து ரிக்கார்டி நிறுவனம் முதலாம் எட்வர்டுக்கே கொடுத்தது. எல்லோரும் நல்ல கிறிஸ்தவர்கள். அவர்களையும் திட்டினார்கள், சில சமயம் சொத்தைப் பறித்தார்கள். ஆனால் லுக்காக்காரர்கள் குழந்தைகளைச் சிலுவையில் அறைகிறார்கள் என்று யாரும் எழுதவில்லை. வட்டி எல்லோரிடமும் ஒரே வட்டிதான். அதோடு பெரும்பாலான யூதர்களுக்குப் பெட்டகமும் இல்லை, பத்திரமும் இல்லை. சில குடும்பங்கள்தான் பெரிதாகக் கொடுத்து வாங்கின.

அதனால் இதைப் பிள்ளைகளுக்குச் சொல்லும்போது வரிசையை மாற்றாதீர்கள். பிரசங்கம் முதலில் வந்தது, யார்க் தீக்கு எண்ணூறு ஆண்டு முன்னால். கடன் பின்னால் வந்து, ஏற்கெனவே தயாராக இருந்த கதையைப் பயன்படுத்திக்கொண்டது.

லிங்கன், 1255

முழங்கால் வலி உள்ளவர்கள் கவனிக்க: லிங்கனின் பழைய யூதத் தெரு ஒரு செங்குத்தான ஏற்றத்தில் இருக்கிறது, பெயரே ‘ஸ்டீப் ஹில்’. நகரப் பேருந்தில் மேலே பேராலயம்வரை போய், அங்கிருந்து இறங்கி வாருங்கள். நான் மாப்பிள்ளையின் பேச்சைக் கேட்டுக் கீழிருந்து ஏறினேன். இரண்டு நாள் தைலம்.

பேராலயத்தின் தென்பக்கப் பாதையில் ஒரு சிறிய சமாதியின் மிச்சம் இருக்கிறது. 1255 ஆகஸ்டில் ஹியூ என்ற சிறுவனின் உடல் கிணற்றில் கிடந்தது. ஒரு திருமணத்துக்காக வெளியூர் யூதர்கள் பலர் அப்போது லிங்கனில் கூடியிருந்தார்கள். அந்தக் கூட்டத்துக்கே வேறு காரணம் கற்பித்தார்கள். கோபின் என்ற யூதரிடம் உயிரை விட்டுவிடுவதாக வாக்குக் கொடுத்து ஒப்புதல் வாங்கினார்கள். மூன்றாம் ஹென்றி அரசர் நேரே வந்து வாக்கை ரத்து செய்து அவரைக் கொன்றார். சுமார் 90 பேரை லண்டனுக்கு இழுத்துப் போனார்கள். 18 பேர் தூக்கில் தொங்கினார்கள். இங்கிலாந்தில் இந்தக் கதைக்கு அரசாங்கமே மரண தண்டனை என்று முத்திரை குத்தியது அப்போதுதான்.

நான்காவது கட்டம்? அதே ஆண்டின் தொடக்கத்தில் அரசர், தம் நாட்டு யூதர்கள் அனைவரின் மீதான வருமானத்தையும் 5,000 மார்க் பணத்துக்குத் தம்பி ரிச்சர்டிடம் அடகு வைத்திருந்தார். ஆட்களை அடகு வைத்த பிறகு அவர்களிடம் வரி வாங்க முடியாது. ஆனால் குற்றவாளியாகத் தண்டிக்கப்பட்டவரின் சொத்து அரசருக்கே சேரும். அடகுப் பொருளிலிருந்து கல்லைப் பெயர்த்து எடுப்பது எப்படி என்று நகைக்கடன் மேசையில் உட்கார்ந்தவனுக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை.

சமாதியின் பக்கத்தில் பேராலயம் ஓர் அறிவிப்பு வைத்தது. இவை புனைந்த கதைகள், நிரபராதி யூதர்களின் உயிரைக் குடித்தவை என்று வெளிப்படையாகச் சொல்லி மன்னிப்புக் கேட்கும் பிரார்த்தனையோடு முடிந்தது. இருபதாம் நூற்றாண்டின் நடுவில் வைத்தது. அதற்கு முன்?

அதற்கு முன் நடந்ததைத் தெரிந்துகொள்ளக் கீழே இறங்கி வாருங்கள். ‘யூதர் வீடு’ என்று 12ஆம் நூற்றாண்டுக் கல் வீடு ஒன்று நிற்கிறது. வளைவு வைத்த வாசல், அழகான கட்டடம். அதை ஒட்டிய கட்டடத்தில் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ‘சிறுவன் ஹியூவைப் போட்ட கிணறு இதுதான்’ என்று ஒரு கிணற்றைச் சுற்றுலாப் பயணிகளுக்குக் காட்டிக் காசு வாங்கியிருக்கிறார்கள். பிறகு ஒரு தொழிலாளி, ‘அந்தக் கிணற்றைத் தோண்டியதே நான்தான், கூலி கொடுத்தார்கள்’ என்று சொல்லிவிட்டார். எந்த ஆண்டுக் கல் என்று கேட்கச் சொன்னேனே, இதற்காகத்தான்.

தங்கும் அறையில் செய்ய ஒரு சிறிய வேலை

மஞ்சள் தாள் ஒன்றில் ஆறு அங்குல நீளம், மூன்று அங்குல அகலம் வெட்டுங்கள். 1215இல் ரோமில் கூடிய லாட்டரன் சபை யூதர்கள் உடையிலேயே தனியாகத் தெரிய வேண்டும் என்றது. அதை முதலில் ஆணையாக்கிய நாடு இங்கிலாந்து, 1218இல். 1275ஆம் ஆண்டுச் சட்டம் அளவையும் நிறத்தையும் குறித்தது: மஞ்சள் கம்பளித் துணி, மோசேயின் இரண்டு கற்பலகை வடிவம், ஆறுக்கு மூன்று, ஏழு வயது நிரம்பிய எல்லோருக்கும்.

வெட்டிய தாளை என் சட்டைமேல் வைத்தேன், பாக்கெட் அளவுதான். பேத்தி அதை வாங்கி, வரவேற்பறையில் இருந்த அவளுடைய ஏழு வயதுப் புகைப்படத்தின்மேல் வைத்தாள். பாதி நெஞ்சு மறைந்தது. இருவரும் ஒன்றும் பேசவில்லை. தாளை நோட்டுக்குள் வைத்துவிட்டேன்.

அதே சட்டம் யூதர்கள் வட்டிக்குக் கொடுப்பதையும் தடை செய்தது. வேறு தொழில் செய்யலாம் என்றது; கைத்தொழில் சங்கங்கள் உள்ளே விடவில்லை. 1290 ஜூலை 18 அன்று எட்வர்டு அரசர் அனைவரும் நவம்பர் 1க்குள் வெளியேற ஆணையிட்டார். இரண்டாயிரம், மூவாயிரம் பேர்தான் மிஞ்சியிருந்தார்கள். நாடாளுமன்றம் மகிழ்ந்து அரசருக்கு அனுமதித்த வரி ஒரு லட்சத்துப் பதினாறாயிரம் பவுன். நான்காவது கட்டத்தில் இவ்வளவு பெரிய தொகையை நான் வேறெங்கும் எழுதவில்லை.

“அவர்கள் ஏதாவது செய்திருப்பார்கள்தானே?” என்ற கேள்விக்கு எனக்குக் கிடைத்த நல்ல பதில் இதற்குப் பிறகுதான் இருக்கிறது. 1290 முதல் 1656 வரை, 366 ஆண்டுகள், இங்கிலாந்தில் யூதர்கள் வெளிப்படையாக வாழவே இல்லை. கடன் கொடுக்கவில்லை, வட்டி வாங்கவில்லை, தெருவில் நடக்கவில்லை. வெறுப்பு மட்டும் வாடகை கொடுக்காமல் குடியிருந்தது. துரத்தி நூறாண்டு கழித்து எழுதிய ஆங்கிலக் கவிஞர் சாசர், யூதரையே பார்த்திராத வாசகர்களுக்கு, யூதர்கள் ஒரு சிறுவனைக் கொல்லும் கதையைச் சொல்லி, லிங்கன் ஹியூவின் பெயரோடு முடிக்கிறார். 1934 மே மாதம் நாஜிப் பத்திரிகை ‘டெர் ஷ்டூர்மர்’ இதே பழியை ஒரு சிறப்பிதழாகவே வெளியிட்டது. நார்விச் துறவி தாமஸ் எழுதி ஏறத்தாழ 780 ஆண்டுகள்.

பேத்தியிடம் இதை அப்படியே சொன்னேன். “அப்போது யாருமே இல்லையா?” என்று இரண்டு முறை கேட்டாள்.

மறுபடியும் நார்விச்

நேரம் இருந்தால் கடைசியாக ஒருமுறை நார்விச் போங்கள். 2004இல் ஊர் நடுவில் ஒரு வணிக வளாகம் கட்டத் தோண்டியபோது பழைய கிணறு ஒன்றில் 17 பேரின் எலும்புகள் கிடைத்தன. ஆறு பெரியவர்கள், பதினொரு குழந்தைகள். 2022இல் வெளிவந்த மரபணு ஆய்வு அவர்கள் அஷ்கெனாசி யூதர்கள், அதாவது ஜெர்மனி, கிழக்கு ஐரோப்பா வழி யூதர்களின் இனத்தார் என்று காட்டியது. காலம் 1190 பிப்ரவரி 6 படுகொலையோடு பொருந்துகிறது. மூவர் உடன்பிறந்த சகோதரிகள். மூன்று வயதுகூட ஆகாத ஒரு பையனுக்கு நீலக் கண், சிவந்த முடி இருந்திருக்கும் என்றார்கள். பிள்ளைகளைக் கொல்கிறவர்கள் யார் என்ற கதையை எழுதிய ஊர் இது.

வளாகத்தில் பார்க்க ஒன்றுமில்லை, கடைகள்தான். 2013இல் அவர்களை ஏர்லம் கல்லறைத் தோட்டத்தின் யூதப் பகுதியில் அடக்கம் செய்தார்கள். ஊர் மையத்திலிருந்து பேருந்து உண்டு. பூ வாங்கிப் போகாதீர்கள். யூதர் வழக்கப்படி ஒரு சிறு கல்லை எடுத்து வைத்தால் போதும். சனிக்கிழமை ஓய்வுநாள், அன்று கல்லறைக்குப் போகும் வழக்கம் இல்லை. வெள்ளிக்கிழமை மதியத்துக்குள் முடித்துக்கொள்ளுங்கள்.